கண்ணுக்கும் கணக்குண்டு

 



சில மாதங்களுக்கு முன் சிதம்பரத்தில் ஒரு நிகாஹ் மஜ்லிஸுக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். நாம் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது, எதிரே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி ஓரத்தில் வெண்மையாக ஒரு சிறு புள்ளி மின்னிற்று. துஆவுக்குக் கையேந்தும் வேளையில் அருகிலிருந்தவர் நம் காதோரம் குனிந்து, "ஹஜ்ரத்! அந்தக் கண்ணாடி வழியாகத் துபையில் இருப்பவர்கள் லைவ்வாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நாம் மறுப்பேதும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னர் கூறுவோம்.

நிகாஹ் முடிந்தது. கருகமணி கட்டுவதற்காக மாப்பிள்ளையைப் பெண் இருக்கும் அறைக்கு அழைத்துச் சென்றார்கள். சொந்தக்காரர் என்ற முறையில் அந்த இளைஞரும் கூடவே போனார். கண்ணாடியும் அவர் முகத்திலேயே இருந்தது. அதன் காமிராவும் ஓடிக்கொண்டேயிருந்தது. அறையிலோ, வீட்டுப் பெண்கள் வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

மூன்று நாட்கள் கழித்துப் பெண்ணின் தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத்! கல்யாணத்துக்கு முந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்தேன். ஆனால் என் மகள் இருந்த அறைக்குள் நான் அழைத்தது மாப்பிள்ளையை மட்டும்தான். இப்போது எங்கள் வீட்டுப் பெண்களின் முகங்கள் எங்கெங்கோ சுற்றுகின்றன. தன்னை யார் யார் பார்த்தார்கள் என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அந்த இளைஞரை அழைத்து விசாரித்தோம். நல்ல பிள்ளைதான். ஐவேளைத் தொழுகையாளி. துபையிலுள்ள தம் மாமியார் குடும்பத்துக்குக் காட்ட விரும்பியே அவ்வாறு செய்திருக்கிறார். தம்முடைய பக்கம் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடப்பதை அவர் மறந்துவிட்டார். அழுதுகொண்டே அதனை அழித்தும்விட்டார். ஆனால் அதற்குள் யாரோ அதைப் பதிவு செய்து, வேறு யாருக்கோ அனுப்பிவிட்டிருந்தார்கள். அனுப்பப்பட்டதைத் திரும்ப அழைக்க எவராலும் இயலவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்வி நம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. அதற்கு மார்க்கம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று ஆராய்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

இந்தக் கண்ணாடி என்ன?

இளைஞர்களுக்கு இது தெரிந்த செய்தி. ஆயினும் வீட்டுப் பெரியவர்களுக்காகச் சற்று விளக்குவோம். கண்ணாடிச் சட்டத்தின் மூலையில் பருப்பளவில் ஒரு காமிரா இருக்கிறது. காதோரக் கம்பியில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. கண்ணாடி காணும் காட்சி சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்குச் செல்கிறது. கைபேசியிலுள்ள மென்பொருள் அக்காட்சியைச் சுருக்கி, சிறுசிறு துண்டுகளாக்கி, இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனை பிரதிகளாகப் பிரிந்து, சில நொடிகளுக்குள் உலகெங்கும் சேர்கிறது. இதைத்தான் நேரலை என்றும் லைவ் என்றும் சொல்கிறார்கள்.

இந்த எண்ணம் புதிதன்று. கனடா நாட்டைச் சேர்ந்த ஸ்டீவ் மான் என்பவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் மாணவராயிருந்தபோது, 1994-லேயே தலையில் காமிரா அணிந்து, தாம் கண்டதை இணையத்தில் காட்டினார். 2013-ல் கூகுள் நிறுவனம் வலக்கண்ணுக்கு மேல் சிறிய திரை வைத்த கண்ணாடியை 1,500 டாலர் விலைக்கு முதற்கட்டமாகக் கொடுத்தது. தங்களைக் கேளாமல் படம் பிடிக்கும் என்று மக்கள் அஞ்சினார்கள். அமெரிக்காவில் சில கடைக்காரர்கள் அதை அணிந்து வருவோரை உள்ளே விட மறுத்தார்கள். 2015-ல் பொதுமக்களுக்கான அந்த விற்பனை நிறுத்தப்பட்டது.

ஆனால் எண்ணம் சாகவில்லை. மெட்டா நிறுவனம் ரே-பான் கண்ணாடியோடு சேர்ந்து 2023-ல் வெளியிட்ட வகையில் நேரலை வசதி வந்தது. 2025 மே மாதம் அது 29,900 ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவுக்கும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கண்ணாடிச் சில்லுக்குள்ளேயே திரை தெரியும் வகையும் 799 டாலர் விலையில் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. காமிரா ஓடுகையில் வெளிச்சப் புள்ளி ஒன்று எரியும்படி அமைத்திருக்கிறார்கள். அப்புள்ளியை அணைத்துத் தருவதையே ஒரு தொழிலாகச் சிலர் செய்வதாக 2025-ல் செய்திகள் வந்தன. ஆக, புள்ளி எரியாதவரை பயமில்லை என்று இருந்துவிடவும் வழியில்லை.

சுவரில் ஒரு துவாரம்

அன்பர்களே! பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு, ஸலாம் உரைக்க வேண்டும் என்று அருள்மறையின் அந்நூர் அத்தியாயம் 27-ஆவது வசனத்தில் அல்லாஹு தஆலா கட்டளையிடுகிறான். அதற்கடுத்த வசனத்தில், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும், அதுவே நமக்குத் தூய்மையானது என்றும் போதிக்கிறான். இந்த அனுமதி எதற்காக? கால் உள்ளே வைப்பதற்காக மட்டுமா?

இதற்கான விளக்கம் புகாரி ஷரீஃபில் இருக்கிறது. ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களின் அறைச்சுவரில் இருந்த துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் கோதி போன்ற ஒன்றால் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் பார்த்ததை அறிந்ததும், முன்பே தெரிந்திருந்தால் அதைக்கொண்டே கண்ணில் குத்தியிருப்போம் என்று கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று தெளிவுபடுத்தினார்கள். அகிலத்தின் அருட்கொடையான அண்ணலாரின் நாவிலிருந்து அத்தகைய கடும் சொல் வந்ததென்றால், ஒரு பார்வையின் கனம் எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள்!

அக்காலத்து மதீனாவில் பல வீட்டு வாசல்களில் திரை கிடையாது. ஆதலால் பிறர் வீட்டுக்குச் செல்லும்போது பெருமானார் (ஸல்) அவர்கள் வாசலுக்கு நேரே நிற்காமல், வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். கதவு திறக்கும் கணத்தில் தற்செயலாகக்கூடக் கண் உள்ளே போய்விடக் கூடாது என்ற பேணுதல் அது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். ஒருவர் நம்மை வீட்டுக்குள் அழைக்கிறார். அவர் அனுமதி தந்தது யாருடைய கண்ணுக்கு? நம்முடைய கண்ணுக்கு மட்டும். அந்த அனுமதியை நாம் பங்கு போட்டுப் பிறருக்குத் தர முடியாது. இரவலாகப் பெற்ற பொருளை, உடையவரைக் கேளாமல் மூன்றாமவருக்கு வாடகைக்கு விடும் உரிமை நமக்கில்லை என்று ஃபிக்ஹு கிதாபுகள் கூறுகின்றன. இரவல் பெற்ற பார்வையும் அப்படித்தான். நேரலைக் கண்ணாடி அணிந்து ஒரு வீட்டுக்குள் நுழைபவர் தனியாக நுழைவதில்லை. பெயரும் முகமும் தெரியாத எத்தனையோ பேரைத் தம் இமைக்குள் ஒளித்துக்கொண்டு நுழைகிறார். அவர்களில் ஒருவராவது ஸலாம் சொன்னாரா? அனுமதி கேட்டாரா? அன்று துவாரம் சுவரில் இருந்தது. இன்று அது விருந்தாளியின் முகத்தில் வந்து அமர்ந்திருக்கிறது.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் சம்பவம் ஒன்றுண்டு. இரவு வலம் வருகையில் ஒரு வீட்டில் தவறு நடப்பதை உணர்ந்து, உமர் (ரலி) அவர்கள் மதில் ஏறிக் குதித்தார்கள். குற்றம் செய்துகொண்டிருந்த அம்மனிதரோ, தாம் செய்தது ஒரு பாவம் என்றால் கலீஃபா செய்தவை மூன்று என்றார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தது. கலீஃபா அதை ஏற்று அவரை விட்டுவிட்டார்கள். குற்றவாளியின் வீட்டுக்கே அவ்வளவு கண்ணியம் என்றால், குற்றமேதும் செய்யாத ஒரு மணப்பெண்ணின் அறைக்கு எவ்வளவு கண்ணியம் இருக்க வேண்டும்!

மஜ்லிஸ் ஓர் அமானிதம்

வேறொரு நபிமொழியையும் கவனியுங்கள். ஒருவர் நம்மிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால், அவர் சொன்னது அமானிதம் ஆகிவிடுகிறது என்று திர்மிதீ ஷரீஃபில் வந்திருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. அவர் தலை திரும்பியதே போதும்.

எவ்வளவு நுட்பமான சட்டம்! பேசுபவர் திரும்பிப் பார்த்து, வேறு எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பேசுகிறார். கண்ணாடிக் காமிராவுக்கு முன் அவர் நான்கு திசையும் திரும்பிப் பார்த்தாலும் ஒருவரையும் காண மாட்டார். கேட்பவர்களோ ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்தால் எதிரிலிருப்பவர் விலகிக்கொள்ளலாம், முகத்தை மூடிக்கொள்ளலாம். கண்ணாடியோ அந்த வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கு மாலை வேளையில் குடும்பத்தோடு காற்று வாங்க வருகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் பொது இடத்தில்தான் நடக்கிறார்கள். எனினும், நடந்து செல்பவரைக் கண் காண்பது வேறு. அவரைப் பிடித்து உலகுக்கு முன் நிறுத்தி வைப்பது வேறு. முதல் பார்வை நம் வசத்தில் இல்லை, தொடர்ந்து பார்ப்பது நம் கணக்கில் சேரும் என்பது ஹதீஸ் நமக்குத் தரும் பாடம். காமிராவில் பதிந்த பார்வைக்கோ முடிவே இல்லையே!

நமது நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் என்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. நமக்கோ இது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வேதக் கட்டளையாக வந்த ஒன்று.

பார்ப்பவருக்கும் பங்குண்டு

காட்டுகிறவர் மட்டுமா பொறுப்பாளி? 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆவுக்குக் கூடியிருந்த மக்களை ஒரு கொடியவன் சுட்டான். இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதானார்கள். தலையில் அணிந்த காமிராவால் அவன் அந்தக் கொடுமையை 17 நிமிடங்கள் முகநூலில் நேரலையாகக் காட்டினான். அப்போது பார்த்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. ஓடிக்கொண்டிருந்த வேளையில் அவர்களில் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை என்று அந்நிறுவனமே கூறிற்று. அடுத்த 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை அது நீக்கவோ தடுக்கவோ வேண்டியதாயிற்று.

அந்த 15 லட்சத்தையும் பரப்பியது கொலைகாரன் அல்லவே! விரல் நுனியால் தள்ளியவர்கள், ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்பியவர்கள், இப்படிப் பலர். மய்யித்தைக் குளிப்பாட்டுபவர், தாம் கண்ட குறையை மறைத்தால் அல்லாஹ் அவரை மன்னிக்கிறான் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உயிர் பிரியும் ஒரு முஸ்லிமின் கடைசி மூச்சை நாம் ஊருக்கெல்லாம் காட்டலாமா? வந்து சேர்ந்த காட்சியை நம்மோடு நிறுத்திக்கொள்வதும் ஓர் அமல்தான். சிதம்பரத்து அந்தப் பெண்ணின் காட்சி கையில் கிடைத்தவர்கள் அத்தனை பேரும் அதை அழித்திருந்தால், அவள் மானம் அன்றைக்கே காக்கப்பட்டிருக்கும்.

நம்முடைய குற்றம்

இனி, முன்னர் நிறுத்தி வைத்ததைச் சொல்ல வேண்டும். துபையில் பார்க்கிறார்கள் என்று கேட்டதும் நாம் ஏன் தடுக்கவில்லை? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நம் உள்ளம் குளிர்ந்தது. வழக்கமாக ஓதும் துஆவைவிட அன்று நீளமாக ஓதினோம். குரலை இழைத்து ஓதினோம். கை அல்லாஹ்விடம் ஏந்தியிருந்தது. மனமோ அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது நாம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காமிரா பெண்கள் இருந்த அறை வரை சென்றிராது. ஆகவே அந்தத் தகப்பனாரின் கண்ணீரில் நமக்கும் பங்குண்டு. அவரிடமும் அப்பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டோம். அல்லாஹ்விடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மறுமையில் முதன்முதலாக விசாரிக்கப்படும் மூவரில் ஒருவர், பிறர் தம்மை ஆலிம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகக் கற்றவரும் ஓதியவரும் ஆவார் என்று முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. அதைப் பிறருக்குப் பயான் செய்தவர்கள்தாம் நாம்! முகஸ்துதிக்கு அன்று எதிரே சிலராவது இருக்க வேண்டும். இன்று அறைக்குள் தனியாகத் தஹஜ்ஜுத் தொழுபவரையும் அது தேடி வந்துவிடுகிறது. உம்ராவுக்குச் செல்பவர்கள் கஃபத்துல்லாஹ்வுக்குப் புறம் காட்டி நின்று ஊருக்குப் பேசுகிறார்கள். ஸதகா வாங்கும் ஏழையின் முகத்தைக் காட்டுகிறார்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று அறிந்தவர்கள் இதைச் செய்யலாமா?

தொழுகையும் இந்தக் கண்ணாடியும்

கோடுகளும் வேலைப்பாடும் உள்ள ஒரு போர்வையை அணிந்து நாயகம் (ஸல்) அவர்கள் தொழுதார்கள். அந்த வேலைப்பாட்டின் மீது ஒரு முறை பார்வை சென்றது. தொழுது முடித்ததும் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடமே கொடுத்தனுப்பிவிட்டு, வேலைப்பாடில்லாத துணியை வாங்கிவரச் சொன்னார்கள். துணியிலிருந்த கோட்டுக்கே அப்படி என்றால், ஸஜ்தா செய்யும் கண்ணுக்குள்ளேயே செய்தியும் படமும் வந்து விழும் கண்ணாடியை அணிந்து தொழலாமா? அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தக்பீர் கட்டுவதே பேணுதலாகும்.

நேரலையில் தெரியும் இமாமை வீட்டிலிருந்து பின்பற்றித் தொழுவதும் கூடாது. நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் இமாமுக்கும் பின்பற்றுவோருக்கும் இடத்தொடர்பு வேண்டும்.

நன்மையும் உண்டு

கருவியை நாம் பகைக்கவில்லை. பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆராய்ந்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே காண்கிறோம் என்று சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். அந்த மரபில் வந்த நாம் ஒளியின் விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சுவானேன்?

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், கடலூர் என்று நம் ஊர்கள் பலவற்றின் பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கிறார்கள். கடலூர் முதுநகரில் ஒரு தகப்பனார் மௌத்தானார். ஸவூதியிலிருந்த மகனுக்கு உடனே வர வழியில்லை. கஃபனிட்டபின் முகத்தை ஒருமுறை காட்ட முடியுமா என்று வீட்டார் கேட்டார்கள். வாரிசுகளின் சம்மதத்தோடு, அந்த மகன் ஒருவர் மட்டும் காணும்படி காட்ட நாம் அனுமதித்தோம். அவர் அங்கிருந்தே துஆச் செய்தார். கேட்டுக்கொண்டு காட்டியது, உரியவருக்கு மட்டும் காட்டியது, மறைக்க வேண்டியதை மறைத்துக் காட்டியது ஆகிய இம்மூன்றும்தான் அதனைச் சிதம்பரத்துச் சம்பவத்திலிருந்து வேறுபடுத்துகின்றன. உருவப்படம் குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இம்மூன்றும் வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பு இருக்காது.

பார்வையற்றவர் கைபேசியை நீட்ட, தொலைவிலுள்ள ஒருவர் பார்த்து வழி சொல்லும் ஏற்பாடு 2015-ல் டென்மார்க்கில் தொடங்கிற்று. இன்று கண்ணாடி வழியேயும் அது நடக்கிறது. கண் பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், பள்ளிக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை என்று முறையிட்டது நினைவுக்கு வருகிறது. ஒரு சகோதரரைப் பள்ளிவாசல் வரை கொண்டு சேர்க்கும் கண்ணாடி எவ்வளவு பாக்கியமானது!

வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளைக்கு நேரலையிலேயே நிகாஹ் முடிக்கலாமா என்று கேட்கிறார்கள். நவீன சாதனங்கள் வழியான வியாபார ஒப்பந்தங்களை ஏற்ற ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, 1990 மார்ச் மாதத் தீர்மானத்தில், சாட்சிகள் அவசியம் என்பதால் நிகாஹை அதிலிருந்து விலக்கிற்று. மாப்பிள்ளை இங்குள்ள ஒருவரை வகீலாக நியமித்தால் பிரச்சினை தீர்ந்தது. அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் நிகாஹ் ஹபஷாவில் அப்படித்தான் நடந்தது. மதீனாவிலிருந்த பெருமானாருக்காக நஜ்ஜாஷி மன்னர் அங்கே முன்னின்று முடித்து வைத்தார்.

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இதுதான். கல்யாண மஜ்லிஸில் நிகாஹ் ஓதுமுன்பே, அனுமதியின்றி யாரும் நேரலை செய்யக்கூடாது என்று ஜமாஅத்தார் அறிவிக்கட்டும். காமிராக் கண்ணாடி அணிந்தவர்கள் பெண்கள் பகுதிக்குச் செல்லுமுன் அதைக் கழற்றிப் பெட்டியில் வைக்கட்டும். பிறர் வீட்டு வாசலில் ஸலாம் சொல்வதோடு, இது காமிராக் கண்ணாடி, அணைத்துவிட்டேன் என்றும் சொல்லட்டும். தாய்மார்கள் தம் பிள்ளைகளிடம், யாருக்குக் காட்டப் போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கட்டும். தெரியாமல் பரவிய காட்சி கையில் வந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள். உங்கள் குறைகளை அல்லாஹ் மறைப்பான்.

செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. அன்று கண் தானே சாட்சி சொல்லும். தான் பார்த்ததை மட்டுமா சொல்லும்? தன் வழியே பிறருக்குக் காட்டியதையும் சொல்லும். தன்னை யார் யார் பார்த்தார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அந்தக் கணக்கு நம்மிடம் இல்லை. அந்த இளைஞரிடமும் இல்லை. கண்ணாடி செய்த நிறுவனத்திடமும் முழுமையாக இருக்காது. அல்லாஹ்விடம் மட்டும் ஒருவர் விடாமல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நம் பெயர் இல்லாதிருக்க நாம் இன்றே நம் பார்வையைத் தாழ்த்திக்கொள்வோமாக!

வல்ல நாயன் நம் கண்களையும் நாவுகளையும் நம் வீட்டு மானங்களையும் காத்தருள்வானாக! அறிந்தும் அறியாமலும் பிறரைக் காட்டிக்கொடுத்த குற்றத்தை மன்னித்தருள்வானாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!